தப்பு கெடைச்சிடுச்சுண்ணா!

அந்த அம்மா சந்தோஷத்தில் சத்தம் போட்டு நான் கேட்டது நாலைந்து தடவைதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் செய்த ஏதோ ஒரு தப்பு வெளியே வந்த நேரம் அது. மற்றவர்கள் தங்கள் தப்பைக் கண்டால் துண்டைப் போட்டு மூடுவார்கள். இவர் காட்டில் காளான் கண்டவர் மாதிரி குதிப்பார்.

பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் இதை வாங்கிப் படித்து, சிவப்புப் பேனாவை எடுத்து, நான் எங்கெங்கே தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று கோடு போட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார். எழுதாவிட்டாலும் அதைத்தான் செய்வார். இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை.

கொரோனா அடங்கி, ஜனம் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்த சமயம். நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஐஸ் பெட்டி, இப்படி வந்து நின்றார். "வடக்கனந்தல் தாண்டி ஒரு ஊருக்குப் போவணும்ணா. வழி நான் சொல்றேன்" என்றார். தானே வரைந்த வழிப்படம் கையில் இருந்தது. அவர் சொன்ன திருப்பத்திலெல்லாம் திரும்பி, கடைசியில் ஒரு மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் வண்டி நின்றது. முன்னே வரப்பு, பின்னே சேறு.

ஆபீசர்களை ஏற்றிப் பழகினவன் நான். வழி யார் சொன்னாலும், தப்பினால் அது டிரைவர் செய்த தப்பாகத்தான் கணக்கு. திட்டு வாங்கக் காதைத் தயார் செய்துகொண்டேன். அவர் கை தட்டினார்.

"தப்பு கெடைச்சிடுச்சுண்ணா! இங்க பாருங்க, ஓடைக்கு இந்தாண்ட போட்டுக்கினு இருந்திருக்கேன். அந்தாண்ட போடணும்."

இறங்கி, வண்டி முகப்பின் மேல் படத்தை விரித்துச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். பழையதை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் என்ன இருந்தது என்று தெரிகிற மாதிரி.

"கிழிச்சிப் போட்டுட்டு வேற எழுதலாமே மேடம்?"

"எங்க தப்புனேன்னு தெரியணும் இல்லண்ணா. இல்லாட்டி இதே கொல்லைக்கு இன்னொரு நாளு வருவேன்."

நல்ல பதில்தான். யாராவது ஒரு பேச்சை அப்படி எடுத்து வைத்தால் நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அன்றைக்குப் போட்டுக்கொண்ட முதல் பேச்சு அது. பிறகு, "பெட்டியில இன்னா மேடம், மீனா?" என்று கேட்டேன்.

"காலியா இருக்குதுண்ணா. வர்றப்ப ரத்தம் எடுத்துக்கினு வருவேன்."

அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேருகிறவரை நான் ஒன்றும் கேட்கவில்லை.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பத்துப் பெண் அவர். படிப்பு அவரை வெளிநாடுவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார வைத்திருந்தது. உடம்புக்குள் ரத்தக்குழாய் எப்படி முளைக்கிறது, எங்கே கிளை விடுகிறது, எங்கே நிற்கவேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள், அந்தச் சொல் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வந்து சேருகிறது, இதுதான் அவர் வேலை. இங்கிலீஷ் கூட்டத்தில் இங்கிலீஷ் பேசுவார். மனசு பொங்கினால் மட்டும் பேச்சு நம்ம பக்கத்துக்கு வந்துவிடும்.

நாங்கள் தேடிப்போன ஊரில் இரண்டு அக்கா தங்கச்சிகள். அக்கா பேர் அஞ்சலை, தங்கச்சி பேர் பூங்காவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பேர் வேறே. இரண்டு பேரும் கூலி வேலைக்காரர்கள். இவர்களுடைய அப்பாவுக்குச் சில்லுமூக்கு உடைந்து உடைந்தே உயிர் போனது. பூங்காவனத்துக்கும் அப்படியே. நாங்கள் போனபோது அவர் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது இன்னாக்கா, எவ்ளோ நாளா?" என்று இவர் கேட்டார்.

"எங்க வூட்ல வாய வுட மூக்குதான் மேடம் ஜாஸ்தி பேசும்" என்றார் பூங்காவனம். அதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

சூட்டு உடம்பு என்று மோரும் எண்ணெய்க் குளியலுமாகப் பார்த்திருக்கிறார்கள். சாமி குத்தம் என்று கூழும் ஊற்றியிருக்கிறார்கள். இவர் பூங்காவனத்தின் உதட்டில் குங்குமம் தெறித்த மாதிரி இருந்த சிவப்புப் புள்ளிகளை விரலால் அழுத்தினார். அழுத்தினால் மறைந்தது, விட்டால் திரும்ப வந்தது. பிறகு மண்வெட்டியை வாங்கி, வாய்க்காலை ஒட்டிக் கீறிக் காட்டினார்.

"பெரிய வாய்க்கா இருக்குது. தண்ணி மடை வழியா வயலுக்குப் போயி, சின்னச் சின்னதாப் பிரிஞ்சி பாஞ்சி, மிச்சம் வடிகாலுக்குப் போவுது. சரிதானே? உங்க ஒடம்புல சில எடத்துல வயலே இல்லக்கா. வாய்க்கா நேரா வடிகால்ல போயி விழுது. அந்த வேகம் கரை தாங்குமா? அதான் மூக்குல ஒடையுது."

"மூக்குல மட்டுந்தானா?"

"நொரையீரல்ல இருந்தா கஷ்டம். வெளிய தெரியாது. மூச்சு வாங்கும். புள்ளத்தாச்சிக்கு இருந்தா ரொம்பக் கஷ்டம்."

பூங்காவனம் மூக்குத் துணியை மாற்றிக்கொண்டு, "இவ்ளோ நாளா சாமியத் திட்டிக்கினு இருந்தேன். பொறம்போக்கு வாய்க்காலா அது?" என்றார்.

அதற்கப்புறம் மாதம் ஒரு முறை வருவார். வண்டி என் வண்டிதான். ஒரு தடவை மடிக்கணினியைக் கொண்டுவந்து பூங்காவனம் வீட்டில் படம் காட்டினார். அவர் கூடத்தில் வளர்க்கிற மீன்குஞ்சுகள், உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே ரத்தக்குழாய் பச்சையாக மின்னிக்கொண்டு முளைத்துக் கிளைவிடுவது அப்படியே தெரிந்தது. தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "யம்மாடி, பீர்க்கங்கொடி படர்றாப்ல படருது பாரு" என்றார் அஞ்சலை.

"இந்த மீனு என்னை ஒரு வருசம் ஏமாத்திச்சிக்கா" என்று இவர் ஆரம்பித்தார். மீனின் மரபணுவில் ஒரு எழுத்தை மாற்றினால் குழாய் ஜாஸ்தியாக வளர்கிறது என்று கண்டுபிடித்து, எழுதி, பாராட்டும் வாங்கிவிட்டார். பிறகு பார்த்தால் அந்தத் தொட்டியில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் சூடு. சூட்டில் குஞ்சு சீக்கிரம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். "மீனுக்கு வெந்நி வெச்சிட்டு நான் கண்டுபிடிச்சேன் கண்டுபிடிச்சேன்னு குதிச்சிக்கினு இருந்தேன்!"

"யாருக்கும் தெரியாம வுட்டிருக்கலாமே" என்றார் அஞ்சலை.

"எங்க பெரிய சாரும் அதத்தான் சொன்னாரு. உன் ரிக்கார்ட நீயே கெடுத்துக்கிறன்னாரு. ரிக்கார்டுன்னா நடந்தத எழுதறது சார், ஜெயிச்சத எழுதறது இல்லன்னேன்."

"அதுக்கு அவரு?"

"ரெண்டு மாசம் பேசல. அதுக்கப்பறம் அவரு தப்பு ஒண்ண எடுத்துக்கினு வந்து எங்கிட்ட காட்டினாரு."

அவருடைய நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் முதல் நாலு பக்கம் ஒரே தலைப்பு: நான் தப்பாகச் சொன்னவை. சென்னையில் ஒரு மண்டபத்தில் அவருக்கு மரியாதை செய்தபோது என்னையும் பூங்காவனத்தையும் கூட்டிப்போனார். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். இவர் மைக்கைப் பிடித்து அந்த நாலு பக்கத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பூங்காவனம் என் காதில், "கல்யாண வூட்ல வந்து நம்ப மேடம் ஒப்பாரி வெக்குதே" என்றார். ஆனால் முடிந்ததும் இளம்பிள்ளைகள் எழுந்து நின்று தட்டின தட்டு இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவர் கையிலிருந்தும் ஒரு தப்பு நழுவியது. வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

நோய் எந்த வழியில் இறங்குகிறது என்று பார்க்க, வம்ச மரம் ஒன்று வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு. அக்காள் மகளைக் கட்டினவர், அத்தை மகனைக் கட்டினவர் என்று கோடு சுற்றிச் சுற்றி வரும். அஞ்சலைக்கு ஒரே மகள், தனம். அஞ்சலைக்கு மூக்கு உடைவதில்லை. அவர் ரத்தத்தைச் சோதித்ததில் இந்த நோயைக் கொண்டுவருகிற மாறிய மரபணு எழுத்தும் இல்லை. அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்கும் இல்லை என்றால் மகளுக்கு எப்படி வரும்? அந்தக் கிளைக்குக் கீழே வெள்ளை வட்டம் போட்டுவிட்டு, "தனம், உனக்கு ஒண்ணுமில்ல. தைரியமாக் கல்யாணம் கட்டிக்கோ" என்றார். அந்தப் பெண் துள்ளி எழுந்து காப்பி போடப் போனாள்.

எல்லா வீட்டிலும் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று அச்சடித்த தாளிலேயே இருக்கிறது: இது நீங்கள் பெற்ற பிள்ளையா? அஞ்சலை வீட்டில் அவர் அதைக் கேட்கவில்லை. தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிற பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்பது நம்ம பக்கத்தில் செருப்பைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. நம்ம பக்கத்துப் பெண் என்பதால்தான் இவருக்கு வாய் வரவில்லை.

தனம் மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு எங்களையும் அழைத்தார்கள். நான் வாசல் பக்கம் புளிசாதமும் தேங்காய்ச் சாதமுமாக உட்கார்ந்துவிட்டேன். உள்ளே தனத்தை மனையில் உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" என்றது ஒரு குரல். "கொஞ்சம் சாயறேன் அத்த, படுத்தா நல்லா இருக்குது" என்றாள் தனம் மாமியாரிடம். "வளையப் போட்டதும் படுடி, ஓடியா போயிடுவ" என்று மாமியார் சிரித்தார்.

மேடத்தின் முறை வந்தது. பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்து, தனத்தின் விரல்களைக் கூட்டிப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. விரல் நுனிகள் உருண்டு பருத்து, நகங்கள் கவிழ்ந்திருந்தன. தன் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார். உள்ளே சிவப்புப் புள்ளி. அழுத்தினார். மறைந்தது. விட்டார். வந்தது.

வளையலைப் போட்டு முடித்தார். பையிலிருந்து விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை எடுத்தார். கொரோனாவில் எல்லாரும் பார்த்த சின்னக் கருவிதான். உட்கார்ந்தபோது எண்பத்தாறு. படுக்க வைத்தால் தொண்ணூற்றுமூன்று. மறுபடி உட்கார வைத்தார். இறங்கியது.

வண்டிக்கு வந்து, நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஏதோ தப்பு அகப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கை தட்டுவார் என்று பார்த்தேன்.

"இந்தத் தப்பு நோட்டுல இல்லண்ணா" என்றார். "அந்தப் பொண்ணு நெஞ்சுக்குள்ள இருக்குது."

அங்கிருந்தே கூடத்துக்குப் போன் செய்து, அஞ்சலையின் ரத்தக் குழலை எடுத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார், குழல் மாறிப்போயிருக்குமோ என்று. மாறவில்லை.

வளைகாப்பு முடிந்து தனத்தைத் தாய்வீட்டுக்கு என் வண்டியில்தான் கொண்டுவந்தோம், பின்சீட்டில் படுக்க வைத்து. வீட்டில் மேடம் அஞ்சலையிடம், "தனத்த நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும்க்கா. நெஞ்சைப் பாக்கணும்" என்றார். பேயறைந்த மாதிரி ஆனது அஞ்சலையின் முகம்.

"உனக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா."

"அதெல்லாம் வாணாம். என் ரத்தத்துலயே இல்ல, எம்பொண்ணுக்கு எங்கேந்து வரும்? இல்லாத நோவத் தேடிக்கினு அலைய வாணாம். நாங்க பிரசவத்த இங்கியே பாத்துக்கறோம்." சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை அது. பயம். தனம் உள்ளே படுத்தபடி, "அம்மா வாணாங்குது, வுடுங்க மேடம்" என்றாள். வீட்டுக்காரன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அவளுக்கு அம்மா சொல்தான் சொல்.

மேடம் வெளியே வந்து, "பூங்காவனம் ஏன் வளைகாப்புக்கு வரலண்ணா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊரில் எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புகிறவர் பூங்காவனம். செல்லமாக வளர்ந்த அக்காள் மகளின் வளைகாப்புக்கு வராமல் கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை மலை ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் ஒரு சரிவில் பூங்காவனம் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, நான் உங்கள ஒண்ணும் கேக்க வரல" என்றார் மேடம். "ஒண்ணு சொல்ல வந்திருக்கேன். தனத்துக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேன். தப்பு. அவ விரல்ல உங்க உதட்டுல இருக்கிற அதே புள்ளி. நெஞ்சுல அதே வாய்க்கா. பிரசவத்துல ஒடைஞ்சா அவளும் இல்ல, புள்ளயும் இல்ல. அஞ்சலக்கா வுட மாட்டேங்கறாங்க. இவ்ளோதான்."

பூங்காவனம் கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டார். மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. துடைக்கவில்லை.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் மேடம்" என்றார். "மூணாவது புள்ள எனக்கு. எங்கக்காவுக்கு ஒண்ணுகூட இல்ல. தொப்புள் காயறதுக்குள்ள மடியில போட்டேன். அன்னிலேந்து நான் சித்தி. மூக்கு பேசினாலும் வாய் பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன்." அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடுண்ணா" என்று எனக்குச் சொன்னார்.

கீழே வந்ததும் நேராக அஞ்சலை முன்னால் போய் நின்றார். "நான் தனத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன். ஆனா அவளக் கூட்டிக்கினு கெளம்பு."

அஞ்சலை உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சா என்ன அம்மான்னு கூப்புடுவாளாடி?"

மேடம் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரிச் சீட்டுல 'குடும்பத்தில் இருக்கிறது'ன்னு மட்டும் எழுதறேன்க்கா. அது நெசம். மிச்ச நெசம் உங்களுது. சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. நான் கேக்காம வுட்டது என் தப்பு. அதுக்கு நீங்க ஏன் புள்ளயக் குடுக்கணும்?"

அஞ்சலை எழுந்து தனத்தின் துணிகளைப் பையில் வைத்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீரை ஊசிக்குள் குலுக்கி நுரையாக்கி, தனத்தின் கைநரம்பில் ஏற்றி, இதயத்தைப் படம் பார்த்தார்கள். அந்த நுரையை நுரையீரல் வடிகட்டிவிட வேண்டும். வடிகட்டாமல் இதயத்தின் இடப்பக்கம் வந்து சேர்ந்தது. குறுக்குவழி பெரியது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை இப்ப வந்தீங்க" என்றார். தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அந்த இடத்தைக் கம்பிச் சுருளால் அடைக்கவேண்டும் என்றார்கள்.

மறுநாள் அந்த அடைப்புக்காகத் தனத்தை உள்ளே கொண்டுபோகும் முன், நான் இட்லி வாங்கிக்கொண்டு போனேன். தனம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "இது சித்திக்குத்தானே இருக்குது? எனக்கு எப்படிம்மா வந்துச்சு?"

அஞ்சலை கையிலிருந்த சீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ உன்னப் பெத்தா. நான் உன்னக் கேட்டு வாங்கிக்கினேன்."

பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜன்னலோரம் பூங்காவனம் நின்றிருந்தார். தனம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டாள். பிறகு அஞ்சலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"சிக்கு நெறய இருக்குது. மெதுவா வாரும்மா" என்றாள்.

அடைப்பு முடிந்து மூன்றாம் நாள் தனத்தை உட்கார வைத்து, அந்தச் சின்னக் கருவியை மேடமே மாட்டினார். தொண்ணூற்றேழு. எழுந்து நிற்கச் சொன்னார். தொண்ணூற்றேழு. வராந்தாவில் ஒரு நடை நடந்துவரச் சொன்னார். தொண்ணூற்றேழு. மாதக்கணக்கில் வராத சத்தம் அப்போதுதான் வந்தது. "தப்பு கெடைச்சிடுச்சுண்ணா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக் கை தட்டினார். நர்ஸ் ஓடிவந்து, "யாருக்கு என்ன தப்பாச்சு?" என்று பதறினார்.

அந்தக் கிளையைத் திருத்தி வரைந்தார். வெள்ளை வட்டத்தின் மேல் சிவப்புக் கோடு ஒன்று. பூங்காவனத்தின் இரண்டு மகன்களையும் அழைத்து நுரை ஏற்றிப் பார்த்ததில், சின்னவனுக்கும் ஒரு குறுக்குவழி இருந்தது, சிறியது. அதையும் அடைத்தார்கள். வம்சத்தில் மீதி இருந்தவர்களையும் ஒருவர் விடாமல் வரவழைத்துப் பார்த்தார்கள். அந்த வம்சம் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பல தேசத்து டாக்டர்கள் படித்து எழுதிக் கேட்டார்களாம். அதில் 'நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் முதல் மரம் தவறாக இருந்தது' என்று அவரே போட்டிருக்கிறார். இரண்டு சகோதரிகளிடமும் ஒப்புதல் வாங்கித்தான் எழுதினார். நானும் வாங்கித்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோண்ணா, ஆனா நான் மூக்குல துணி அடைச்சிக்கினு நிக்கிறாப்ல எழுதாத" என்றார் பூங்காவனம். அதற்குள் எழுதிவிட்டிருந்தேன்.

அச்சடித்த தாளில் இருந்த அந்தக் கேள்வியையும் மாற்றிவிட்டார். இப்போது அவரிடம் படிக்கிற பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போனாலும், "உங்க வவுத்துல பொறந்ததா, மடியில வளந்ததா?" என்றுதான் கேட்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிலர் அதற்காகவே காத்திருந்த மாதிரி சொல்லிவிடுகிறார்கள்.

பிரசவத்தையும் அதே ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள். சாயங்கால வெயில் வராந்தாவில் நீளமாக விழுந்திருந்தது. பெஞ்சில் அஞ்சலை, பூங்காவனம், மேடம் மூன்று பேரும். நான் தூணோரம். தனத்தின் புருஷன் டீ வாங்கப் போயிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அழுகைச் சத்தம், நல்ல கணீரென்ற சத்தம். மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தனலட்சுமியோட அம்மா யாருங்க? உள்ள வாங்க."

அஞ்சலையும் எழுந்தார், பூங்காவனமும் எழுந்தார். எழுந்த வேகத்திலேயே பூங்காவனம் திரும்ப உட்கார்ந்து, "போக்கா, நிக்கிற பாரு, உன்னத்தான் கூப்புடறாங்க" என்று அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். அஞ்சலை நகரவில்லை. தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தூக்கி நிறுத்தினார். இருவருமாகக் கதவுக்குப் போனார்கள்.

நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினார். "ஒருத்தர்தான் வரணும். அம்மா யாரு, அவங்க மட்டும் வாங்க."

மேடம் எழுந்து போய் நர்ஸின் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"ரெண்டு பேரும் அம்மாதான் சிஸ்டர்" என்றார். "நான் சரிபாத்துட்டேன்."